கிராண்ட் கேன்யனை ஹெலிகாப்டரில் பார்க்க: முதல் தடவை போகிறவர்களுக்கு

கிராண்ட் கேன்யன் ஹெலிகாப்டர் டூர் என்று தேடிப் பாருங்கள். டூர்கள் வரிசைகட்டி வந்து நிற்கும். எல்லாவற்றிலும் அதே சிவப்புப் பாறை, அதே நீல வானம், நடுவில் ஒரு ஹெலிகாப்டர். ஆனால் அவை எல்லாம் ஒரே இடத்துக்குப் போகிறவை அல்ல. இது தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு "படத்தில் பார்த்தது இது இல்லையே" என்று முழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் விலை, நேரம், இருக்கை எல்லாம் அப்புறம். முதலில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

தெற்கா, மேற்கா?

அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அரித்து உண்டாக்கிய இந்தப் பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். அகலமான இடத்தில் 29 கிலோமீட்டர், ஆழம் 1.6 கிலோமீட்டருக்கும் மேல். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ பறந்து முழுவதையும் பார்த்துவிட முடியாது. நீங்கள் பார்க்கப்போவது ஏதோ ஒரு மூலை. எந்த மூலை என்பதுதான் கேள்வி.

தெற்கு விளிம்புதான் தேசியப் பூங்காவின் முக்கிய வாசல். நாம் படங்களில் பார்க்கிற, அடுக்கடுக்காக நிறம் மாறிக்கொண்டே கீழே இறங்கும் அந்த அகண்ட காட்சி இங்கேதான் இருக்கிறது. பூங்கா வாசலுக்குச் சற்று வெளியே இருக்கும் டூசயான் என்ற சின்ன ஊரின் விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் கிளம்புகின்றன. 25, 30 நிமிடம் பறக்கும் குறுகிய சுற்று ஒன்று, 45, 50 நிமிடம் பறக்கும் நீண்ட சுற்று ஒன்று. குறுகிய சுற்று 'டிராகன்' என்ற வான்பாதை வழியாகப் பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து வடக்கு விளிம்பை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். நீண்ட சுற்று கிழக்குப் பக்கமாகவும் போய், சின்னக் கொலராடோ ஆறு பெரிய கொலராடோவோடு கலக்கும் பகுதியைக் காட்டிவிட்டு வரும்.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். தேசியப் பூங்காவுக்குள் டூர் ஹெலிகாப்டர்கள் விளிம்புக்குக் கீழே இறங்காது, எங்கேயும் தரையிறங்காது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1986 ஜூன் 18 அன்று பள்ளத்தாக்கின் மேல் ஒரு சுற்றுலா விமானமும் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 25 பேரும் இறந்தார்கள். அதுவரை இங்கே பறப்பது கிட்டத்தட்ட அவரவர் இஷ்டம்போல நடந்துவந்தது. மறுவருடம் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட, 1988இல் தனி விதிகள் வந்தன. எந்தப் பாதையில் பறக்கலாம், எந்த உயரத்தில், எந்த இடங்களின் மேல் பறக்கவே கூடாது என்று வரையறுத்தார்கள். இன்றைக்கு விமானி உங்களுக்காக ஒரு வளைவு கூடுதலாக வளைத்துக் காட்டமாட்டார். கேட்டும் பயனில்லை.

மேற்கு விளிம்பு பூங்காவுக்குள் இல்லை. அது வாலபாய் பழங்குடி மக்களின் நிலம். அங்கே இறங்க இடம் கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். அதனால்தான் அங்கே மட்டும் டூர் ஹெலிகாப்டர் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது, பாறைச் சுவர்களுக்கு நடுவே தரையிலும் நிற்கிறது. 2007இல் திறந்த கண்ணாடி நடைபாலமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. லாஸ் வேகாஸிலிருந்து நேராகக் கிளம்பும் ஹெலிகாப்டர் டூர்களில் அநேகமாக எல்லாமே மேற்கு விளிம்புக்குப் போகிறவைதான். வழியில் ஹூவர் அணையும் மீட் ஏரியும் வரும்.

என் கருத்தைக் கேட்டால்: பார்க்க வேண்டும் என்றால் தெற்கு, இறங்க வேண்டும் என்றால் மேற்கு. மேற்கில் பள்ளம் ஒடுக்கமானது, ஆழமும் குறைவு. 'அடேயப்பா' என்று வாயடைக்க வைக்கும் அகலம் அங்கே இல்லை. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்த சுவர்கள் இரண்டு பக்கமும் எழும்ப, அடியில் ஆற்றோரம் நிற்கும் அனுபவத்தைத் தெற்கு தராது. லாஸ் வேகாஸில் இரண்டு நாள் மட்டுமே இருக்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மேற்குதான். சாலை வழியாகத் தெற்கு விளிம்புக்கு லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் தங்குகிறவர்களுக்கு டூசயான் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும்.

வடகிழக்கில் பேஜ் என்ற ஊரிலிருந்தும் ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன. ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற குதிரைலாட வளைவு, பவல் ஏரி, கிளென் கேன்யன் அணை என்று அந்தப் பக்கத்து அழகே வேறு. ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கிராண்ட் கேன்யனைப் பார்த்தாயிற்று என்று கணக்கு எழுதிக்கொள்ளாதீர்கள்.

பணம் கட்டும் முன் படிக்க வேண்டிய சின்ன எழுத்துகள்

டூரின் தலைப்பை நம்பாதீர்கள். உள்ளே போய், காற்றில் எத்தனை நிமிடம் இருப்பீர்கள் என்பதை மட்டும் தேடுங்கள். 'நான்கு மணி நேர ஹெலிகாப்டர் டூர்' என்பதில் ஹோட்டலிலிருந்து கூட்டிப்போவது, வரவேற்பறையில் காத்திருப்பது, திரும்பக் கொண்டுவிடுவது எல்லாம் சேர்த்தி. லாஸ் வேகாஸிலிருந்து மேற்கு விளிம்புக்குப் பறக்கும் நேரம் ஒரு வழிக்குச் சுமார் 45 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவாகத் தெரியும் சில டூர்களில் ஹெலிகாப்டர் என்பது பேருந்துப் பயணத்தின் ஒட்டு. இரண்டு இரண்டரை மணி நேரம் பேருந்தில் மேற்கு விளிம்பு வரை போய், அங்கிருந்து பள்ளத்தின் அடிக்குச் சில நிமிடம் மட்டும் ஹெலிகாப்டரில் இறங்குவீர்கள். அதுவும் தனி சுவாரசியம்தான், கூடவே ஆற்றில் ஒரு படகுச் சவாரியும் கிடைக்கலாம். ஆனால் நீங்கள் மனதில் நினைத்தது அதுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் சில டூர்கள் லாஸ் வேகாஸ் பெயரைப் போட்டுவிட்டு, 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போல்டர் சிட்டியிலிருந்து கிளம்பும். விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் தப்பில்லை. இரவில் வேகாஸ் விளக்குகளின் மேல் பறக்கலாம் என்ற கனவு இருந்தால் மட்டும் ஏமாற்றம்.

தெற்கு விளிம்புக் குறுகிய சுற்றுக்கு ஒருவருக்குச் சுமார் 300 டாலர் வட்டாரத்திலும், வேகாஸிலிருந்து மேற்கே போய் இறங்கி வரும் டூருக்கு அதைப்போல இரு மடங்கு வட்டாரத்திலும் எடுத்து வைத்துக்கொண்டால் திட்டமிட உதவும். பருவத்துக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப இது ஏறும், இறங்கும். முதல் பக்கத்தில் காட்டும் விலையோடு எரிபொருள் கூடுதல் கட்டணம், விமான நிலையக் கட்டணம், பழங்குடி நிலத்துக்கான கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் சேர்ந்துகொண்டே போவதும் உண்டு. பணம் கட்டும் பொத்தானுக்கு முந்தின பக்கத்தில் இருக்கும் தொகைதான் உண்மையான விலை. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவதானால் அந்தப் பக்கம் வரை இரண்டிலும் போய்ப் பாருங்கள்.

வானிலை காரணமாக அவர்கள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வருமா, நீங்கள் ரத்து செய்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் படித்துவிடுங்கள். டூரை ஊரை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் போடாதீர்கள். காற்று வீசி டூர் தள்ளிப்போனால் மறுநாள் என்று ஒன்று கையில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2018 பிப்ரவரியில் மேற்கு விளிம்புப் பக்கம் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் தரையிறங்கும்போது விழுந்து தீப்பிடித்தது. ஐந்து பயணிகள் இறந்தார்கள். விழுந்தாலும் எளிதில் உடையாத எரிபொருள் தொட்டி பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வலுத்தது. 2020 ஏப்ரலுக்குப் பின் தயாராகும் புதிய ஹெலிகாப்டர்களில் அப்படிப்பட்ட தொட்டி கட்டாயம் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. பழைய ஹெலிகாப்டர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே, "உங்கள் ஹெலிகாப்டர்களில் மோதலைத் தாங்கும் எரிபொருள் தொட்டி இருக்கிறதா?" என்று முன்பதிவுக்கு முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஒழுங்கான நிறுவனம் ஆம், இல்லை என்று நேராகப் பதில் சொல்லும். சுற்றி வளைத்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

காலை. சந்தேகம் வேண்டாம்.

பாலைவனத் தரை வெயிலில் காயக் காயச் சூடான காற்று மேலே எழும்பும். மதியத்துக்கு மேல் ஹெலிகாப்டர் குலுங்குவது அதனால்தான். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, டூசயான் விமான நிலையமோ கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பது. இரண்டும் சேர்ந்தால் ஹெலிகாப்டரின் தூக்கும் சக்தி குறையும். கொளுத்தும் வெயில் நாளில் இருக்கையைக் காலியாக விட்டுக் கிளம்புவதோ நேரத்தை மாற்றுவதோ நடந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். காலையில் ஒரு துளி மேகம் இருக்காது. மதியம் இரண்டு மணிக்குள் எங்கிருந்தோ கருமேகம் திரண்டு, இடி மின்னலோடு கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அந்த மாதங்களில் மதிய டூர் போடுவது சூதாட்டம். கோடையில் காட்டுத்தீப் புகையும் ஒரு தொல்லை. 2025 ஜூலையில் வடக்கு விளிம்பில் பரவிய தீ, அங்கிருந்த பழைய விடுதியையே எரித்துவிட்டது. புகை படிந்த நாளில் எதிர்ச் சுவர் சாம்பல் நிறத் திரைபோல மங்கிக் கிடக்கும். வசந்த காலத்தில் காற்று அதிகம். குளிர்காலத்தில் தெற்கு விளிம்பில் பனி பெய்யும். பனி நின்ற மறுநாள் காலை வானம் துலக்கமாக இருந்து, சிவப்புப் பாறையின் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு போட்டதுபோல் இருந்தால், உங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று அர்த்தம். எனக்குப் பிடித்த மாதம் அக்டோபர்.

படம் எடுக்கும் ஆசை இருப்பவர்கள் உச்சி வெயிலைத் தவிருங்கள். நிழல் இல்லாத பாறை தட்டையாகத் தெரியும். தெற்கு விளிம்பில் சூரிய உதயத்தையோ அஸ்தமனத்தையோ ஹெலிகாப்டரிலிருந்து பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். அந்த வான்பாதைகளில் கோடையில் காலை 8 முதல் மாலை 6 வரையும், குளிர்காலத்தில் 9 முதல் 5 வரையும்தான் டூர்கள் பறக்கலாம். மாலைச் சூரியன் வேண்டுமானால் மேற்கு விளிம்பு டூர்களில் தேடுங்கள்.

கடிகாரம்

இதற்கென்று ஒரு தலைப்பா என்று கேட்காதீர்கள், பட்டவன் சொல்கிறேன். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும். அரிசோனா அப்படிச் செய்வதில்லை. அதனால் கோடையில் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நேரம். குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும்.

நான் முதல்முறை போனது ஒரு டிசம்பரில். வேகாஸிலிருந்து இருட்டோடு கிளம்பி, காரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக ஓட்டினேன். வழியில் காபி, ஒரு குட்டித் தூக்கம் வேறு. பதினொரு மணிக்கு டூர், பத்தரைக்கு வாசலில் நிற்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனால், முகப்பில் இருந்த பெண் சுவரைக் காட்டினார். மணி பதினொன்றரை. கைபேசி மாநில எல்லையில் தானாக மாறியிருக்கிறது, பையிலிருந்து எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. அன்றைக்குக் கூட்டம் குறைவு என்பதால் பிற்பகல் டூரில் ஏற்றிவிட்டார்கள். கோடை விடுமுறையாக இருந்தால் பணம் போனதுதான். முன்பதிவுச் சீட்டில் இருக்கும் நேரம் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

எடையும் இருக்கையும்

பதிவு செய்யும்போதே எல்லாருடைய எடையையும் கேட்பார்கள். அங்கே போனதும் உங்களை எடை மேடையில் நிற்கவும் வைப்பார்கள். இரண்டு மூன்று கிலோவைக் குறைத்துச் சொல்வதால் ஒரு லாபமும் இல்லை. இது தர்மசங்கடத்துக்காகச் செய்வதல்ல. சின்ன ஹெலிகாப்டரில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை வைத்துத்தான் அதன் சமநிலை நிற்கிறது. இருக்கைகளைக் கணினி போட்டுக் கொடுக்கும். 275 அல்லது 300 பவுண்டைத் தாண்டினால், அதாவது 125, 136 கிலோவுக்கு மேல் போனால், பக்கத்து இருக்கைக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. முகப்பில் நின்று வாதாடும் விஷயம் அல்ல.

கணவன், மனைவி, குழந்தை எல்லாரும் ஒட்டி உட்கார முடியாமல் போகலாம். ஒரே ஹெலிகாப்டரில் இருப்பீர்கள், அவ்வளவுதான் உறுதி. பெரிய குடும்பம் என்றால் அதுவும் பிரியலாம். இப்போது அதிகம் ஓடும் இசி130 வகையில் முன்வரிசையில் விமானியோடு இருவரும், பின்வரிசையில் நால்வரும் உட்காரலாம். முன் இருக்கைதான் ராஜ இருக்கை. காலடியில்கூடக் கண்ணாடி இருக்கும். சில நிறுவனங்கள் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு அதை முன்பதிவு செய்ய விடுகின்றன, ஆனால் எடைக் கணக்கு ஒத்துவந்தால்தான். பின்வரிசையில் நடுவில் மாட்டிக்கொண்டால் மனம் உடைந்துபோக வேண்டாம். அந்த வகை ஹெலிகாப்டரில் பின்வரிசை சற்று உயர்த்தி அமைந்திருப்பதால் முன்னால் இருப்பவரின் தலைக்கு மேல் பார்க்கலாம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. இருந்தாலும் கைக்குழந்தையோடு போவதற்கு நான் ஓட்டுப்போட மாட்டேன். அந்தச் சத்தத்துக்கு ஏற்ற காதுக்கவசம் அவ்வளவு சின்னத் தலையில் நிற்பதில்லை.

என்ன உடுத்துவது, எதை விட்டுவிட்டுப் போவது

கறுப்புச் சட்டை போடுங்கள், அல்லது ஏதாவது அடர்நிறம். வெள்ளையோ மஞ்சளோ போட்டால் அது ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலித்து, எடுக்கும் படம் ஒவ்வொன்றிலும் உங்கள் சட்டையும் பள்ளத்தாக்கோடு சேர்ந்து விழும். மொத்தச் செலவில் இதுதான் செலவே இல்லாத யோசனை.

பை, தண்ணீர் பாட்டில், செல்ஃபி குச்சி எதையும் உள்ளே விடமாட்டார்கள். பூட்டுப்பெட்டி கொடுப்பார்கள், அல்லது காரிலேயே விட்டுவிடச் சொல்வார்கள். கைபேசி, கழுத்தில் வார் மாட்டிய கேமரா, குளிர்கண்ணாடி போதும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். பாஸ்போர்ட் போன்ற படமுள்ள அடையாளச் சான்று கையோடு இருக்கட்டும். டூசயானில் கோடையிலும் காலை சில்லென்று இருக்கும். மேற்கில் பள்ளத்தின் அடியில் இறங்குகிறவர்களுக்கு நேர்மாறு. மேலே இருப்பதைவிடக் கீழே பத்து டிகிரி கூடுதல் சூடு சாதாரணம். மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், அது கல்லும் முள்ளுமான தரை.

வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். ஹெலிகாப்டரில் ஏறிய பிறகு போட்டால் அது இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். சிரிக்காதீர்கள், நடுவானில் அதற்கு வழியே இல்லை.

ஏறும்போது

பாதுகாப்புக் காணொளி ஒன்று போடுவார்கள். அப்புறம் ஊழியர் ஒருவர் வரிசையாக நிற்க வைத்துக் கூட்டிப் போவார். பெரும்பாலும் ஹெலிகாப்டரின் மேல்விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அவர் காட்டும் வழியில் மட்டும், முன்பக்கமாக, விமானியின் கண்ணில் படும்படி நடங்கள். வால் பக்கம் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. பின்விசிறி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. எதையாவது கீழே போட்டுவிட்டால் குனிந்து தேடாமல் ஊழியரிடம் சொல்லுங்கள்.

பெல்ட்டை அவர்களே மாட்டிவிடுவார்கள். அதை எப்படிக் கழற்றுவது என்பதையும் ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். காதுக்கவசத்தில் பாட்டும் விமானியின் பேச்சும் மாறி மாறி வரும். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்குமா, அதற்கு எந்தப் பொத்தான் என்பதைக் கேட்டுவிடுங்கள்.

அந்த ஒரு நொடி

டூசயானிலிருந்து கிளம்பினால் முதல் ஐந்தாறு நிமிடம் கீழே வெறும் பைன் மரக் காடு. ஒரே பச்சை, தட்டையான தரை. மரங்களின் உச்சி அவ்வளவு கிட்டத்தில் ஓடுவதுபோல் இருக்கும். ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டு, கைபேசியைத் தடவிக்கொண்டு இருப்பீர்கள். இருக்காதீர்கள். முன்னால் பாருங்கள். காட்டின் கடைசி வரிசை மரங்கள் காலடியில் நகர்ந்து போகும், அதற்கு அடுத்து தரை இருக்காது. சரிவு, மேடு என்று எந்த முன்னறிவிப்பும் கிடையாது. சற்று முன்வரை ஐம்பது அறுபது மாடி உயரத்தில் இருந்த நீங்கள், கையைக் காலை அசைக்காமலே ஒரு மைல் உயரத்துக்குப் போய்விட்டிருப்பீர்கள். வயிறு ஒருமுறை கீழே போய்விட்டு வரும். ஹெலிகாப்டர் ஓர் அங்குலம்கூட இறங்கியிருக்காது, இறங்கியது தரைதான். என் பக்கத்தில் இருந்த முதியவர் தன் முழங்காலைப் பிடிப்பதாக நினைத்து என் முழங்காலைப் பிடித்தார். எதிர் விளிம்பு வரும்வரை விடவில்லை.

இந்த நொடியைப் படமெடுக்க முயன்றுதான் பலர் தவறவிடுகிறார்கள். போகும்போது கண்ணால் பாருங்கள். திரும்பும்போது படம் எடுக்கலாம்.

உள்ளே போனதும் சுவரின் அடுக்குகளைக் கவனியுங்கள். விளிம்பில் வெளிறிய சுண்ணாம்புப் பாறை சுமார் 27 கோடி ஆண்டுப் பழசு. ஆற்றை ஒட்டிய அடிமட்டத்தில் கறுத்துக் கிடக்கும் பாறைக்கு வயது 170 கோடிக்கும் மேல். அதன் பெயர் விஷ்ணு பாறை. திகைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளருக்குக் கீழைநாட்டுச் சமயங்களில் ஈடுபாடு. கோபுரம் போல எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகளுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயர் வைத்தார். பிரம்மா கோயிலும் உண்டு. டிராகன் பாதையில் பறக்கும்போது, தலையில் மரங்களோடு தனித்து நிற்கும் தட்டையான குன்று எங்கே என்று விமானியிடம் கேளுங்கள். அதுதான் சிவன் கோயில்.

ஆறு உங்களுக்கு ஏமாற்றம் தரலாம். அவ்வளவு உயரத்திலிருந்து அது ஒரு நூல். பச்சையாகத் தெரிந்தால் மேலே இருக்கும் கிளென் கேன்யன் அணை மண்ணைப் பிடித்துக்கொண்டதால் வந்த தெளிவு அது. பழுப்பாகத் தெரிந்தால் ஏதோ கிளையாற்றில் மழை.

மேற்கே போகிறவர்களுக்கு வழியில் மீட் ஏரியின் கரையைச் சுற்றி, குளியல் தொட்டியில் படியும் கறைபோல, வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். நீர் முன்பு அதுவரை இருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். 2022 ஜூலையில் ஏரி, 1930களில் நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பின் அதுவரை காணாத தாழ்ந்த மட்டத்துக்குப் போனது. ஹூவர் அணை வரும்போது ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தவர்களுக்கு யோகம். திரும்பும்போது மறுபக்கத்தவர்களுக்கு. பள்ளத்தில் இறங்கியதும் அரை மணி நேரம்போல விடுவார்கள், ஒரு பானமும் கொறிக்க ஏதாவதும் கொடுப்பார்கள். விசிறி நின்ற பிறகு வரும் அமைதியைக் கேட்க இரண்டு நிமிடமாவது கூட்டத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள். எல்லை தாண்டிப் போகாதீர்கள், நிழலில் கையை நீட்டாதீர்கள். பாம்பும் தேளும் இருக்கும் இடம் அது.

படம் எடுக்கிறவர்களுக்கு

கைபேசியின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். லென்ஸைக் கண்ணாடிக்கு மிகக் கிட்டே கொண்டுபோங்கள், ஆனால் ஒட்டவைக்காதீர்கள். ஒட்டினால் ஹெலிகாப்டரின் அதிர்வு முழுவதும் படத்தில் ஏறும். கேமராவில் ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வைத்தால் நடுக்கம் தெரியாது. பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டியோடு வராதீர்கள். ஹெலிகாப்டரின் ஜன்னல் பிளாஸ்டிக் என்பதால் வானவில் நிறத் திட்டுகள் படமெங்கும் விழும். காணொளி வேண்டும் என்றால் விளிம்பைத் தாண்டும் இடத்தில் ஒரு நிமிடம் எடுத்துவிட்டு நிறுத்துங்கள். அரை மணி நேரக் காணொளியை வீட்டில் யாரும் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை.

இறங்கிய பிறகு

விமானிக்குக் கொஞ்சம் அன்பளிப்பு கொடுப்பது அங்கே வழக்கம், கட்டாயம் அல்ல. ஏறும் முன் எடுத்த உங்கள் குழுப் படத்தை விற்க வருவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகரலாம். வாந்தி மாத்திரை போட்டிருந்தால் உடனே காரை எடுக்காதீர்கள், அது தூக்கத்தைக் கொண்டுவரும்.

டூசயானில் பறந்தவர்கள் அப்படியே திரும்பிவிட வேண்டாம். பூங்காவுக்குள் போய் மேற்கே ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் வரை ஓடும் இலவசப் பேருந்தைப் பிடியுங்கள். மார்ச் முதல் நவம்பர் வரை அந்தச் சாலையில் சொந்த வாகனம் விடமாட்டார்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி விளிம்போரம் நின்றால் எங்கிருந்தோ ஒரு முனகல் கேட்கும். ஒலி வரும் பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கித் தேடினால், எதிர்ச் சுவரின் சிவப்பில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்துகொண்டிருக்கும். காலையில் நீங்கள் அதற்குள்தான் இருந்தீர்கள்.